வாசலுக்கு ஒரு வண்டி விறகு

மைமூனாவுக்கு அந்த மிஸ்ஸை முதல் நாளே பிடிக்கவில்லை. கிண்ணியாவில் தயிர் போடுகிற பெண்கள் பன்னிரண்டு பேரைப் பயிற்சி என்று சொல்லி ஒரு மண்டபத்துக்கு அழைத்து, காலை ஒன்பது மணிக்குப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒன்பது மணி என்பது பால் அடுப்பில் கிடக்கிற நேரம். எருமைப் பாலுக்குப் பொறுமை கிடையாது. அதுவும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பங்குனி வெயில். தகரக் கூரைக்குக் கீழே ஆட்கள் அவிந்துகொண்டிருந்தார்கள்.

மிஸ்ஸின் பெயர் குணேஸ்வரி. சாம்பல்தீவுக்காரி. திருகோணமலை டவுனில் கந்தோர் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் வேலை. இரண்டு பஸ் மாறி, நான்கு ஆமிச் சென்றியில் பையைத் திறந்து காட்டி, ஊரார் பாதை என்று சொல்லுகிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து வந்திருந்தாள். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி மூன்று சொற்களை எழுதினாள். போட்டித்திறன், தொழில்நுட்பம், நிலைபேறு.

“நிலைபேறு எண்டா என்ன மிஸ்?” என்று மைமூனா கேட்டாள்.

“இண்டைக்குச் செய்யிற தொழில் நாளைக்கும் இருக்க வேணும். உங்கட பிள்ளையளின்ர காலத்திலயும் இருக்க வேணும். மரத்தையும் மண்ணையும் அழிக்காமல் அதைச் செய்யிறதுதான் நிலைபேறு.”

“எங்களுக்கு இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் இருந்தாலே காணும்.”

பெண்கள் சிரித்தார்கள். குணேஸ்வரியும் சேர்ந்து சிரித்துப் பார்த்தாள். ஆனால் காது சிவந்துவிட்டது. விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“ஒரு சட்டித் தயிருக்கு எவ்வளவு விறகு எரியுதெண்டு ஆராவது பாத்தனீங்களோ? கொழும்பிலயிருந்து கப்பில வாற தயிரோட நீங்கள் போட்டி போட வேணுமெண்டால் முதல்ல விறகைக் குறைக்க வேணும்.”

“பாக்கிறதுக்கு என்ன மிஸ் இருக்கு? வெட்டப் போன மனிசன் திரும்பி வந்தா அண்டைக்கு விறகு இருக்கு. வராட்டி இல்ல.”

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மைமூனா சொன்னது பகிடி அல்ல என்று மிஸ்ஸைத் தவிர மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நாற்பது போத்தல் பாலைச் சுண்டக் காய்ச்சினால்தான் கிண்ணியாத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். அதற்கு விறகு வேண்டும். விறகு குரங்குபாஞ்சான் பக்கத்துக் காட்டில் இருந்தது. காட்டுக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். காலை ஆறு மணிக்குச் சென்றியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் திரும்பி வந்து வாங்க வேண்டும். மைமூனாவின் புருசன் தாஹிர் ஒருநாள் மாட்டு வண்டியின் அச்சு முறிந்து ஒரு மணிக்கு வந்தான். அதற்காக இரண்டு நாள் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். மாசி மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. மற்றவர்கள்தான் அவரை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து தாஹிர் காட்டுக்குப் போகிற நாளெல்லாம் மைமூனா காதை வாசலில் வைத்திருப்பாள். பன்னிரண்டு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கும்.

அதனால் மூன்றாம் நாள் குணேஸ்வரி சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கிற படத்தைக் காட்டி, “இதை ஆர் கட்ட விருப்பம்?” என்று கேட்டபோது, பதினொரு பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள், மைமூனா ஒருத்தி கையை உயர்த்தினாள். அதையும் முறைத்துக்கொண்டுதான் உயர்த்தினாள்.

சாணிக் கிணறு கட்டினது தனிக் கதை. சீமெந்துக்கு முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். பன்னிரண்டு பைக்கு அனுமதி தந்த அதே ஆமிக்காரர்கள், குழி வெட்டினதும் வந்து நின்று பங்கர் என்றார்கள். தாஹிரைக் குழிக்குள் இறக்கித் துவக்கை நீட்டியபடி அரை நாள் வைத்திருந்தார்கள். குணேஸ்வரி பாதையால் இறங்கி, வெயிலில் ஓடி வந்து, படத்தை விரித்துவைத்துச் சிங்களத்தில் வாதாடினாள். அவர்களில் பெரியவன் கடைசியில், “சாணியை ஊற்று, பார்ப்போம்” என்றான். எட்டு எருமையின் சாணியையும் தாஹிர் அவன் கண்ணுக்கு முன்னாலேயே கரைத்து ஊற்றினான். நாற்றத்துக்கு ஆமிதான் முதலில் ஓடியது. அன்றைக்கு மட்டும் மைமூனா மிஸ்ஸுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

சாணி ஊற்றிப் பதினெட்டாம் நாள் அடுப்புப் பற்றியது.

“புள்ள, இஞ்ச வா, இஞ்ச பாரு. நீலமா எரியுது.”

“கைய எடுங்க. வெடிச்சுக் கிடிச்சுப் போகும்.”

“இது என்னத்த வெடிக்கிற? நம்மட எருமை போட்டதுதானே” என்று தாஹிர் சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து வருசக்கணக்காகிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தாஹிர் காட்டுக்குப் போகவில்லை. ஸுபஹு தொழுதுவிட்டு வந்து இன்னொரு நித்திரை போட்டான். எருமைகளை வாய்க்காலுக்குக் கொண்டுபோனான். குசினியில் புகை இல்லை. மைமூனாவுக்கு இருமல் நின்றது. பன்னிரண்டு மணியாவதே தெரியாமல் பன்னிரண்டு மணியானது. அவள் சந்தோசமாக இருந்தாள். சந்தோசத்தை வெளியே காட்டினால் கண்பட்டுவிடும் என்று, கடுகடு என்ற முகத்துடன்தான் சந்தோசமாக இருந்தாள்.

கண் வேறு எங்கும் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தது. தாஹிரின் கூடப்பிறந்த காக்கா முனாப்புக்கு விறகு வண்டிதான் தொழில். தம்பியும் அவரும் ஒன்றாகத்தான் காட்டுக்குப் போவார்கள். வெட்டுகிறதில் பாதி தம்பி வீட்டு அடுப்புக்கு, மீதி பேக்கரிக்கும் மற்றத் தயிர் வீடுகளுக்கும். முனாப்பைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சொல்லுகிற எனக்கும் வேலை சுகம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த மனிதன் செய்கிற கேட்டைக் கெட்டவனால் செய்ய ஏலாது.

“மத்தப் பதினொரு வீடும் இதைக் கட்டினா நான் எண்ட வண்டில எதைப் புள்ள ஏத்துற?” என்று ஒருநாள் வேலியில் நின்று கேட்டார்.

“சாணியை ஏத்துங்க காக்கா. அதுக்கும் இப்ப மரியாதைதான்.”

மைமூனா அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவள் வாய் அப்படி. அந்தப் பதிலை முனாப் சந்தித் தேத்தண்ணிக் கடை வரைக்கும் மென்றுகொண்டே போனார். அங்கே யாரோ தயிரைப் பற்றி ஏதோ கதைக்க, “எண்ட தம்பி வீட்டில பாலைச் சாணி நெருப்பிலதான் காச்சுறாங்க. தின்னுறவங்க யோசிச்சுத் தின்னுங்க” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு வாய்ச்சொல்.

முஸ்லிம்களுக்குச் சாணம் நஜீஸ். உடுப்பில் பட்டால் கழுவாமல் தொழ ஏலாது. அடுப்பில் எரிவது சாணம் இல்லை, அதிலிருந்து வருகிற காற்று என்று யார் போய் ஒவ்வொரு வாயாக விளக்குவது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளிக்கிழமைக்குள் நான்கு சட்டி திரும்பி வந்தது. அடுத்த கிழமை ஒரு கலியாண வீடு, சொல்லி வைத்த அறுபது சட்டியையும் வேண்டாம் என்றுவிட்டது. தம்பிக்கும் காக்காவுக்கும் கதைபேச்சு நின்றது.

மைமூனா சும்மா இருக்கவில்லை. அக்கரையில் டவுனில் விற்கலாம் என்று இருபது சட்டியைப் பாதையில் ஏற்றினாள். டவுன் தமிழருக்குச் சாணத்தில் என்ன ஆட்சேபம்? ஆனால் இறங்குதுறைச் சென்றியில் இருந்தவன் சட்டிக்குள் குண்டு இருக்கும் என்று ஒவ்வொன்றிலும் இரும்புக் கம்பியை விட்டுக் கிண்டினான். கிண்டின தயிர் தண்ணி விட்டுவிடும். டவுன் கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “இது மோர் அக்கா” என்றார். இருபது சட்டியும் எருமைத் தொட்டிக்குள் போனது.

இந்த நேரத்தில்தான் குணேஸ்வரி நல்ல எண்ணத்துடன் வந்தாள். நல்ல எண்ணத்துடன் வருகிறவர்களுக்குத்தான் கதவை முதலில் சாத்த வேண்டும். தயிர்ப் பெண்கள் பதினொரு பேரையும் மைமூனாவின் முற்றத்தில் கூட்டி, பாயில் இருத்தி, படங்களை விரித்து, வாயு எப்படி வருகிறது, எப்படி எரிகிறது என்று அரை மணித்தியாலம் விளக்கினாள். அருமையாகத்தான் விளக்கினாள். சிலர் தலையை ஆட்டக்கூடத் தொடங்கினார்கள். மைமூனா கதவடியில் நின்று, முதல்தடவையாக அந்த மிஸ்ஸை ஒரு நம்பிக்கையுடன் பார்த்தாள்.

“ஆனா மிஸ், வாறது சாணியிலயிருந்துதானே?” என்று கேட்டாள் லைலா. இரண்டு தெரு தள்ளித் தயிர் போடுகிறவள்.

“ஓம், சாணியிலயிருந்துதான். அதுக்கு ஏன் நீங்கள் அருவருக்கிறியள்? சாணம் சுத்தமான சாமான். நாங்கள் வீட்டையே சாணத்தாலதானே மெழுகுறம். பொங்கலுக்குப் பிள்ளையார் பிடிச்சு வைக்கிறதும் சாணத்திலதான். அதைவிடச் சுத்தம் என்ன இருக்கு?”

முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. குணேஸ்வரி அந்த அமைதியைச் சம்மதம் என்று நினைத்து, பொங்கல் பானையைப் பற்றியும் இரண்டு வசனம் சொன்னாள்.

லைலா எழும்பிச் சீலையைத் தட்டினாள். “உங்களுக்கு அது சாமி மிஸ். நீங்க கும்புடுங்க, நாங்க வேணாம் எண்டு சொல்லல்ல. எங்கட சட்டிக்குள்ள எதுக்கு மிஸ் கொண்டு வாறீங்க?”

பதினொரு பேரும் போன பிறகு பாயில் படங்கள் மட்டும் கிடந்தன. மைமூனா படியால் இறங்கி வந்தாள்.

“மிஸ்ஸுக்கு வாயை வெச்சிட்டுச் சும்மா இருக்க ஏலாதா?”

“நான் பிழையா என்ன சொன்னனான் மைமூனா? உண்மையைத்தானே—”

“உங்கட உண்மையை உங்கட ஊரில வெச்சிருந்திருக்கலாம். இது வரைக்கும் அசுத்தம் எண்டுதான் சொன்னாங்க. இனிச் சாமிக்குப் படைச்சது எண்டு சொல்லப் போறாங்க. ரெண்டையும் சேத்து இனி நான் எந்தக் கடலில கழுவுற?”

“எனக்கு அது தெரியாது. சத்தியமாத் தெரியாது. எங்கட வீட்டில அப்பிடித்தான்...”

“தெரியாதெண்டா கேக்கணும். மூணு நாள் எங்களுக்குப் படிப்பிச்சீங்களே, எங்களைப் பத்தி ஒரு நாளாவது படிச்சீங்களா?”

குணேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. மைமூனா அதைப் பார்த்தும் இரங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியதற்குப் பக்கத்து வீட்டுக்காரி கெட்டாள்.

கடைசி வழியாகத் தாஹிர் பள்ளி மௌலவியிடம் போனான். மௌலவி பொறுமையான மனிதர். வீட்டுக்கே வந்து கிணற்றைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அடுப்பைக் குனிந்து பார்த்தார். வந்திருந்த நாலைந்து பேருக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

“அசுத்தத்தை நெருப்பில போட்டு எரிச்சா அதுட புகையைப் பத்திப் பேச இடமிருக்கு. இது அப்பிடியில்ல. தானா வெளியாகிற காத்து. காத்துக்கு நஜீஸ் இல்ல. பாலில படுறதும் இல்ல. இந்தத் தயிரைத் தாராளமாச் சாப்பிடலாம்.”

தாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. மைமூனா உள்ளே ஓடிப்போய், அன்றைக்கு உறைந்ததில் நல்ல சட்டியாக எடுத்து, இனிப்புப் பாணியும் ஊற்றி, தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். மௌலவி தட்டைப் பார்த்தார். மற்றவர்களும் தட்டைப் பார்த்தார்கள்.

“மாஷா அல்லாஹ். எனக்குக் கொஞ்சம் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்கு தாஹிர். தயிர் ஒத்துவராது” என்றார் மௌலவி.

அந்தத் தடிமனோடு எல்லாம் முடிந்தது. சட்டத்தை நாக்கு கேட்காது. மனிதர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அன்று பின்னேரமே கிண்ணியாவில் பாதிப் பேருக்குத் தடிமன் பிடித்துவிட்டது.

யோசனையைச் சொன்னது மைமூனாதான். இதை அவள் பின்னால் ஒருநாளும் மறைத்தது கிடையாது.

“இஞ்ச, ஒரு வண்டி விறகு கொண்டு வந்து வாசல்ல அடுக்குவம். பழைய அடுப்பிலயும் கொஞ்சம் புகையைக் காட்டுவம். திரும்பவும் விறகுக்கு மாறிட்டாங்க எண்டு ஊர் நினைக்கட்டும். உள்ளுக்க நான் கேஸிலதான் காச்சுவன்.”

“பொய்யா சொல்லச் சொல்லுறாய்?”

“நான் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லமாட்டன். விறகு சொல்லட்டும். மௌலவி சுத்தம் எண்டுட்டார்தானே? பாவம் இல்ல.”

“காசுக்கு வாங்குவமா?”

“உங்கட காக்காட்ட போயா? அவருட விறகை வாங்கி அவர் மூட்டின நெருப்பை அணைக்கவா? எனக்கு ஏலாது. ஒரு தடவை போயிட்டு வாங்க. ஒரே ஒரு வண்டி. எரிக்கப் போறதில்லையே, ஒரு வருசத்துக்குக் கிடக்கும்.”

தாஹிர் அடுத்த நாள் காலை வண்டியைப் பூட்டினான்.

விறகு வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காடு ஒரு இரவுக்குள் மாறிவிடும். நேற்று நடந்த ஒற்றையடிப் பாதையில் இன்றைக்கு மிதிவெடி இருக்கும். யார் புதைத்தது என்று கேட்டுப் பிரயோசனமில்லை. அதனால் சென்றியில் அடையாள அட்டையைக் கொடுக்க வரிசையில் நிற்கிற நேரத்தில், கடைசியாகப் போய்வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள். மோட்டைப் பக்கம் போகாத, வீரை மரத்துக்கு இடப்பக்கமாப் போ என்று மெதுவாக, முன்னுக்கு நிற்பவன் பின்னுக்குத் திரும்பிச் சொல்லுவான். பகைக்காரனாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வேலிச் சண்டை, காணிச் சண்டை எல்லாம் வரிசைக்கு வெளியே.

தாஹிர் மூன்று மாதமாகக் காட்டுக்குப் போகாதவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவனுக்கு நான்கு ஆள் முன்னால் முனாப் நின்றார். இடையில் நின்ற மூன்று பேரும் காக்காவே சொல்லுவார் என்று விட்டுவிட்டார்கள். முனாப் திரும்பவில்லை.

பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. கிண்ணியாவில் அப்படிச் சத்தம் கேட்பது புதினமில்லை. மைமூனா பாலைத் துழாவிக்கொண்டிருந்தவள், ஒருமுறை அகப்பையை நிறுத்திவிட்டுத் திரும்பவும் துழாவினாள். பன்னிரண்டு மணிக்கு வண்டிச் சத்தம் வரவில்லை. சைக்கிளில் ஒரு ஆள்தான் வந்தான்.

தாஹிரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உயிர் தப்பியது முனாப்பால். சத்தம் கேட்டதும் மற்றவர்கள் நின்ற இடத்தில் உறைந்து நிற்க, அவர் ஒருவர்தான் தன் காலையும் பாராமல் உள்ளே போய், தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

டவுன் ஆஸ்பத்திரியில் தாஹிர் மூன்று கிழமை கிடந்தான். குணேஸ்வரி ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோற்றுப் பொதி கொண்டு வந்தாள். மரக்கறிச் சோறுதான். ஹலால் பிழைத்துவிடும் என்ற பயத்தில் மீன்கூட வைக்கவில்லை. இந்தமுறை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். மைமூனா பொதியை வாங்கிச் சாப்பிட்டாள், நன்றி சொல்லவில்லை. இரண்டாம் கிழமை குணேஸ்வரி, “என்னாலதான் எல்லாம்” என்று தொடங்கினாள்.

“உங்களால இல்ல மிஸ். போங்க எண்டு அனுப்பினது நான். உங்களுக்குப் பங்கு தர என்னட்ட ஒண்டும் இல்ல” என்றாள் மைமூனா.

அவ்வளவு கோபமாக அவள் சொன்னது வேறெதுவும் இல்லை. குணேஸ்வரி அதற்குப் பிறகும் பொதி கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

இருபத்திரண்டாம் நாள் தாஹிரைப் பாதையில் ஏற்றி, கிண்ணியாக் கரையில் இறக்கி, வாடகை வானில் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வாசலில் வான் நிற்க இடமில்லை. வேலியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஆள் உயரத்துக்கு விறகு. பாலை, வீரை, காய்ந்த முதிரை. வெட்டு முகம் எல்லாம் ஒரே பக்கமாக, ஒழுங்காக அடுக்கியிருந்தது. தெருச் சனம் எல்லாம் நின்றது. லைலா நின்றாள். முனாப் சால்வையைக் கையில் பிடித்தபடி முன்னால் நின்றார்.

“ஒவ்வொரு வீட்டாலும் ஒரு கட்டுத் தந்தது. நாங்க எல்லாரும் சேந்து அடுக்கினம். தாஹிர் வெட்டிப் போட்டுக் கிடந்ததையும் ஆமிட்டக் கேட்டு எடுத்துட்டு வந்துட்டம். அது இந்த மூலையில இருக்கு” என்றாள் லைலா. அவள் குரலில் கள்ளமில்லை. “நீங்க பயமில்லாமத் தொழிலைச் செய்யுங்க மைமூனா. இனி நாங்க எல்லாரும் உங்கட தயிர்தான் வாங்குவம்.”

அன்பாகத்தான் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மனிதனின் காலைத் தின்ற விறகை அவன் வாசலில் அன்பாக அடுக்கி வைத்துவிட்டு, அவன் மனைவி அழுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாணி நெருப்புத் தயிரை வாங்குகிறோம் என்று சொல்ல மட்டும் ஒரு வாய்க்கும் வரவில்லை. மைமூனா தாஹிரைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தாள்.

முனாப் மட்டும் பின்னால் வந்து வாசற்படியில் குந்தினார். தாஹிர் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

“காக்கா, அண்டைக்கு வரிசையில நீ என்னைக் கண்டயா?”

“கண்டன்.”

“அந்தப் பக்கம் புதுசா வெச்சிருக்கிறது உனக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“ஏன் சொல்லயில்ல?”

முனாப் சால்வையை முறுக்கினார். “நீ கூப்புடுவாய் எண்டு பாத்தன் தம்பி. காக்கா எண்டு ஒரு சொல்லுச் சொன்னா திரும்புவம் எண்டு நிண்டன். அல்லா மேல ஆணையா, திரும்பத்தான் நிண்டன். அதுக்குள்ள எண்ட அட்டையைக் கேட்டுட்டான்.”

“நீ திரும்புவாய் எண்டுதான் நானும் பாத்துட்டு நிண்டன்” என்றான் தாஹிர். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள்.

மைமூனா அழவில்லை. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து அடுப்பை மூட்டினாள். மூன்று கிழமையும் எருமைகளைப் பார்த்துக்கொண்ட மறுபக்கத்து வீட்டுக்காரி ரபீக்கா சாணி கரைத்து ஊற்றி வந்ததால் வாயு குறையவில்லை. தேத்தண்ணி போட்டு முனாப்புக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“எந்த அடுப்பில போட்டதெண்டு கேக்கயில்லையே காக்கா?”

முனாப் குனிந்தபடி கோப்பையை எடுத்து ஒரே இழுப்பில் குடித்தார். வாய் வெந்திருக்கும். கீழே வைத்துவிட்டு, “என்னை மன்னிச்சுக்க தங்கச்சி” என்றார்.

“அது உங்கட தம்பிட வேலை. என்னட்ட வேற ஒண்டு இருக்கு. முதல்ல வாசல்ல கிடக்கிற விறகை ஏத்துங்க. ஒரு குச்சி கிடக்கக்கூடாது.”

“சனம் தந்தது புள்ள. திருப்பினா கோவிப்பாங்க. பிறகு தயிரை ஆர் வாங்குவாங்க?”

“நீங்க வாங்குவீங்க. எந்தக் கடையில அந்தக் கதையைச் சொன்னீங்களோ அந்தக் கடைக்கு நாளைக்கு ஸுபஹு முடிஞ்சு போய் இருங்க. நான் கொண்டு வருவன். எல்லாருக்கும் முன்னால தின்னுவீங்க. எந்த நெருப்பில காச்சினதெண்டும் நீங்களே சொல்லுவீங்க.”

“பொம்புள நீ அந்தக் கடைக்கு வாறதா? ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் கதைச்சுத்தான் எண்ட மனிசன் ஒத்தக்காலோட படுத்திருக்கார். இனிக் கதைக்கிறதுக்கு என்ன கிடக்கு?”

முனாப் பின்னேரம் வரைக்கும் தனி ஆளாக விறகு ஏற்றினார். தெரு பார்த்துக்கொண்டு நின்றது. உதவிக்கு யாரும் போகவில்லை.

அடுத்த நாள் காலை சந்திக் கடை நிறைந்திருந்தது. செய்தி முன்பே போயிருந்தது. மைமூனா கறுப்பு முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தயிர்ச் சட்டிகள் இருந்த ஓலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆண்கள் இருக்கிற அந்தக் கடைக்குள் ஒரு பெண் ஏறியதை அதற்கு முன் யாரும் கண்டது கிடையாது. வாங்கில் இருந்தவர்கள் தானாக எழும்பி ஒதுங்கினார்கள். அவள் ஒரு சட்டியின் வாயைக் கட்டியிருந்த தாளை அவிழ்த்து, முனாப்புக்கு முன்னால் வைத்தாள்.

முனாப் எழும்பி நின்றார். ஒருமுறை செருமினார்.

“இது எண்ட தம்பி வீட்டுத் தயிர். சாணிக் கேஸில காச்சினது. அசுத்தம் எண்டு நான் சொன்னது பொய். எண்ட விறகு விக்காமப் போயிடும் எண்டு சொன்னனான். அந்தப் பொய்யிலதான் தம்பிட கால் போனது.”

இருந்து சாப்பிடத் தொடங்கினார். கடைக்காரர் சீனி டப்பாவைத் தள்ளினார். முனாப் அதைத் தொடவில்லை. ஒரு போத்தல் பாலின் தயிரை ஒரு மனிதன் வெறுமனே சாப்பிடுவது லேசான காரியமில்லை. பாதியில் விக்கல் எடுத்தது. கண்ணீரும் மூக்குமாகச் சாப்பிட்டார். கடையில் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. மைமூனா பெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

முனாப் அடித்தயிரையும் விரலால் வழித்து நக்கினார். வெறும் சட்டியைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு, போகலாமா என்று கேட்பது போல மைமூனாவை நிமிர்ந்து பார்த்தார்.

மைமூனா இரண்டாவது சட்டியின் தாளை அவிழ்த்தாள்.